ஒலி முதலில், எழுத்து பிறகு: மலைக் கல்லூரி ஒன்றின் டிஜிட்டல் ஊடகப் பாடம், நிகழ்வு ஆய்வு

பழனி மலையின் மேல்பகுதியில் உள்ள ஒரு கல்லூரியின் டிஜிட்டல் ஊடகப் பாடம் இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. பருவம் 15 வாரம். 28 மாணவர், நால்வர் வீதம் 7 குழு. ஒவ்வொரு குழுவும் மலையைச் சேர்ந்த ஒரு விஷயத்தைத் தேர்ந்துகொண்டு, 12 நிமிடத்துக்கு மிகாத ஒரு பாட்காஸ்ட்டும் 800 சொல்லுக்குள் ஒரு வலைப்பூப் பதிவும் செய்ய வேண்டும்.

பாடத்திட்டத்தில் முதலில் இருந்த வரிசை இது: ஆறாவது வாரம் வலைப்பூ, பன்னிரண்டாவது வாரம் பாட்காஸ்ட். எழுத்து எளிது, ஒலி கடினம், எளியதில் தொடங்குவோம் என்ற கணக்கு. விளைவு கேட்கச் சகிக்கவில்லை. ஆறாவது வாரம் எழுதிய கட்டுரையையே பன்னிரண்டாவது வாரம் மைக் முன் உட்கார்ந்து வாசித்தார்கள். இடையிடையே பேட்டியிலிருந்து ஒரு துண்டு வரும்; அதுவும் கட்டுரையில் சொல்லிவிட்டதையே இன்னொரு முறை சொல்லும். எழுதி முடித்த கட்டுரை கையில் இருந்தால், ஒலி தேடி யாரும் மறுபடி பூம்பாறை போன்ற மலைக் கிராமத்துக்கு பஸ் ஏறப்போவதில்லை.

வரிசையைத் திருப்பியதுதான் இந்தப் பாடத்தின் முக்கிய மாற்றம். இப்போது முதலில் களத்தில் ஒலிப்பதிவு, அடுத்து பாட்காஸ்ட், அதற்கும் பிறகே வலைப்பூ. ஒலியில் அடங்காத விலைப்பட்டியல், வரைபடம், படங்கள், ஆவண விவரம் இவை வலைப்பூவுக்குப் போகின்றன. இரண்டும் ஒரே களப்பணியிலிருந்து வந்தாலும் ஒன்று மற்றதன் நகல் ஆவதில்லை.

காதுக்கு என்ன கிடைக்கும்

தலைப்புத் தேர்வில் கேட்கப்படும் முதல் கேள்வி, "கண்ணை மூடிக்கொண்டால் அங்கே என்ன கேட்கும்?" என்பது. மூன்று எடுத்துக்காட்டு.

மலைப்பூண்டை எடுத்த குழுவுக்கு ஒலிப் பஞ்சம் இல்லை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, வில்பட்டி பக்கத்துப் படிக்கட்டு வயல்களில் பூண்டைப் பிடுங்கும் சத்தம், மண்ணை உதறும் சத்தம், தாளோடு சேர்த்துக் கட்டும் சத்தம், புகைமூட்டத்துக்கு எரியும் விறகு, கீழே வடுகபட்டியில் வியாபாரிகளின் குரல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதால் செய்தி மதிப்பும் உண்டு.

இ-பாஸ் பற்றிச் செய்த குழு திணறியது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். பேச நிறையப் பேர் இருந்தார்கள்: விடுதிக்காரர், ஜீப் ஓட்டுநர், சாக்லேட் கடைக்காரர். ஆனால் எல்லாம் கருத்து. கடை கடையாகக் கேட்ட கருத்தைத் தொடர்ந்து 12 நிமிடம் கேட்க முடியாது. அந்தத் தலைப்பு வலைப்பூவாக நன்றாக வந்தது. பாட்காஸ்ட்டை 5 நிமிடமாகச் சுருக்கி, ஒரே ஓட்டுநரோடு மலையடிவாரச் சோதனைச் சாவடியிலிருந்து மேலே வரும் பயணமாக மாற்றிய பிறகுதான் காது கொடுக்க முடிந்தது.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் மூன்றாவது. 1899-ல் தொடங்கியது, 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு நகர்வதைக் கண்டறிந்தது இங்கேதான். அருமையான பொருள், ஆனால் அமைதியான இடம், சிறப்பே படங்களில்தான் இருக்கிறது. இத்தகைய தலைப்பைப் பாட்காஸ்ட்டுக்கு ஏற்பதில்லை என்று இப்போது விதியே இருக்கிறது. மாணவர்களுக்கு இது பிடிப்பதில்லை, விதி சரிதான்.

கருவி: குறைவாக, ஆனால் சோதித்து

குழுவுக்கு ஒரு போன், கம்பியுள்ள காலர் மைக் ஒன்று, காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்று, மைக்குக்கு முடி வைத்த காற்றுறை ஒன்று, பவர் பேங்க் ஒன்று. இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ஸ்டுடியோவில் வைக்கும் விலையுயர்ந்த கண்டென்சர் மைக்கைக் களத்துக்கு எடுத்துப்போவது வீண். மூடுபனியில் ஈரம் ஏறினால் படபடவென்று பொரியும். வெளிக் குளிரில் இருந்த மைக்கை அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டு போனவுடன் திறக்காமல், பையிலேயே கால் மணி நேரம் வைத்து அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன் மேல் நீர் பூக்கும். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைப்பது நல்லது.

அதிகம் ஏமாற்றுவது மைக்கின் செருகு முனை, அதாவது பின். காலர் மைக்கின் பின்னில் கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் அது கேமராவுக்கானது. மூன்று இருந்தால் போனுக்கானது. இரண்டு வளையப் பின்னைப் போனில் செருகினால் போன் அதை மைக்காகவே எடுத்துக்கொள்ளாது, தன்னுடைய சொந்த மைக்கில் பதிவு செய்துகொண்டே இருக்கும். திரையில் அலை ஆடுவதால் மாணவருக்குச் சந்தேகம் வராது. கல்லூரிக்கு வந்து கேட்டால் பேசியவர் கிணற்றுக்குள் இருப்பார். சோதனை எளிது: பதிவை ஓடவிட்டு காலர் மைக்கை விரலால் ஒரு தட்டு, போனின் அடிப்பக்கத்தை ஒரு தட்டு. எந்தத் தட்டுக்கு அலை உயர்கிறதோ அதுதான் வேலை செய்யும் மைக். டைப்-சி மாற்றிகளிலும் இதே சிக்கல் உண்டு. எல்லா மாற்றியும் எல்லாப் போனுக்கும் பொருந்தாது.

பதிவு அமைப்பு: வேவ் (சுருக்கப்படாத ஒலி ஃபைல்), 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ (ஒற்றைத் தடம்). ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 346 எம்.பி. ஆகும், போனில் 2 ஜி.பி. காலி இருந்தால் ஒரு நாளுக்குப் போதும். ஒலி அளவு பேச்சின் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கட்டும்; சிரித்தாலும் சிவப்பைத் தொடாது. ஏரோபிளேன் மோடில் போடாமல் பதிவு செய்தால் பாதியில் அழைப்பு வந்து பதிவு நின்றுவிடும். இதைச் சொல்லாத வகுப்பே இல்லை, நடக்காத பருவமும் இல்லை.

பதிவை ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்ப வேண்டும். குரல் செய்தியாகப் பதிவு செய்தாலோ அனுப்பினாலோ அது மிகவும் சுருக்கப்படும். சகரமும் ஷகரமும் ஒன்றாகிவிடும், எடிட்டில் அதை மீட்க வழியில்லை.

காற்று, தகரம், பாட்டு

மலையில் ஒலிப்பதிவைக் கெடுப்பவை மூன்று. காற்றுக்கு மைக்கோடு வரும் பஞ்சுறை போதாது; அது பகரம் உச்சரிக்கையில் வரும் மூச்சை மட்டும் தடுக்கும். நீள முடி உறை வேண்டும், கூடவே பேசுபவரைக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வைக்க வேண்டும். கனத்த கம்பளியைச் சுற்றிவிடுவதும் தவறு, காற்றோடு சேர்ந்து குரலின் கூர்மையும் போய்விடும்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவை நிறுத்திவிடுவதே வழி. மென்பொருள் அதை நீக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை களநாட்களை முற்பகலில் வைத்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். பிற்பகல் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பொழுது சாய்ந்தால் சாலையோரம் காட்டுமாடு இறங்கும், கிராமத்துக் கடைசிப் பஸ்ஸையும் விடக் கூடாது.

பாட்டு இந்த மூன்றிலும் நயவஞ்சகமானது. டீக்கடை ரேடியோவில் கோடை பண்பலை 100.5 ஓடிக்கொண்டிருக்கும், அல்லது கோயில் குழாயில் பக்திப் பாட்டு. கேட்க இனிமையாகத்தான் இருக்கும். எடிட்டில் ஒரு வாக்கியத்தை வெட்டியவுடன் பின்னால் ஓடும் பாட்டு தாவும். எங்கே வெட்டினீர்கள் என்று குழந்தைக்கும் தெரியும். உரிமைச் சிக்கலும் கூட வருகிறது. 10 நொடிக்குள் திரைப்பாட்டுப் போட்டால் குற்றமில்லை என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி நொடிக் கணக்கு எதுவும் கிடையாது. "அண்ணே, அஞ்சு நிமிஷம் ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா?" என்று கேட்டால் அநேகமாகக் குறைத்துவிடுவார்கள். கேட்கக் கூச்சப்படுவதுதான் பிரச்சினை.

ஒவ்வொரு இடத்திலும் பேட்டி முடிந்த பின் யாரும் பேசாமல் 30 நொடி அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதிவு செய்ய வேண்டும். வெட்டுகளை ஒட்டுவதற்கு இதுதான் சாந்து. மறந்து வந்தவர்கள் வெட்டிய இடங்களில் முழு மௌனத்தை வைப்பார்கள். கேட்பவருக்குப் போன் நின்றுவிட்டதோ என்று தோன்றும்.

கேள்வி

"மலைப்பூண்டு விவசாயம் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து மேடைப் பேச்சு பேசுவார். "ஐயா, இதை ஏன் புகையில கட்டித் தொங்க விடுறீங்க?" என்று கேட்டால் எழுந்துபோய்க் காட்டுவார், காட்டிக்கொண்டே பேசுவார், ஏணி கிரீச்சிடும், தாள் சரசரக்கும். புகையில் வைத்தால் பூண்டு மாதக்கணக்கில் கெடாமல் விதைக்கும் விலைக்கும் காத்திருக்கும் என்ற விஷயமும் அதில் தானாக வரும். செய்துகொண்டிருக்கும் வேலையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பது ஒரே விதி. பேசும்போது "ம்… ஆமா… சரிங்க" என்று மாணவர் குரல் கொடுப்பதை நிறுத்தவும் பழக்க வேண்டும். நம் ஊரில் ம் கொட்டாமல் கேட்பது மரியாதைக் குறைவு; ஆனால் ஒவ்வொரு ம்-மும் ஒரு வெட்டைக் கெடுக்கும். தலையை ஆட்டலாம்.

பேட்டி தருபவரின் இசைவை, அதாவது சம்மதத்தை, ஒலியிலேயே வாங்குகிறார்கள். எந்தக் கல்லூரிப் பாடம், எங்கே வெளியாகும், வெளியாவதற்கு முன் வேண்டாம் என்றால் நீக்கிவிடுவோம், இந்த மூன்றையும் மாணவர் சொல்ல, அவர் தம் வாயால் சரி என்று சொல்ல வேண்டும். பழங்குடிக் குடியிருப்புகளில் ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் பேசாமல் மைக்கை எடுப்பதில்லை. பளியர் வீட்டுப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தால் அதன் மேல் பாடியவருக்கு உரிமை உண்டு. பின்னணி இசையாக வெட்டி ஒட்ட அது பொதுச்சொத்து இல்லை. சிறுவர்கள் பேசினால் பெற்றோர் இசைவு வேண்டும்.

வாசிக்கிற தமிழும் பேசுகிற தமிழும்

அதிக நேரம் விழுங்குவது மைக்கோ மென்பொருளோ அல்ல, பேட்டித் துண்டுகளுக்கு இடையே மாணவர் பேசும் தொகுப்புரை. மாணவர்களுக்குக் கைவசம் இருப்பது இரண்டு நடை. ஒன்று தேர்வுத்தாள் தமிழ்: "இவ்வாறாகப் பயிரிடப்படும் பூண்டானது". மற்றது எஃப்.எம். தொகுப்பாளர் வேகம், பாதி ஆங்கிலம். இரண்டும் பூம்பாறைப் பெரியவரின் குரலுக்குப் பக்கத்தில் நிற்காது. அவர் பேசி முடித்ததும் தொகுப்புரை வந்தால் வேறு ஏதோ நிகழ்ச்சி குறுக்கே வந்ததுபோல் இருக்கும்.

பயன்பட்ட பயிற்சி இது. மாணவர் பதிவைக் கேட்டபின், குறிப்பு எதுவும் கையில் இல்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து, அப்படியே எழுதி, அந்த எழுத்தைத் திருத்தியதே தொகுப்புரை. "கட்டுகிறார்கள்" என்று எழுதாமல் "கட்டுறாங்க" என்றே தாளில் இருக்கட்டும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை. எண்களை முடிந்தவரை உருட்டிச் சொல்லுங்கள். துல்லியமான எண் வலைப்பூவில் இருக்கும். நிமிடத்துக்கு 100 சொல் என்று வைத்துக்கொண்டால் 12 நிமிட நிகழ்ச்சியில் தொகுப்புரைக்கு 400, 450 சொல்லுக்கு மேல் இடமில்லை, மிச்சம் களத்துக்குச் சொந்தம்.

முதல் 30 நொடியில் "வணக்கம், நாங்கள் மூன்றாம் ஆண்டு" வரக் கூடாது. பூண்டுக் குழுவின் முதல் வடிவம் அப்படித்தான் தொடங்கியது. திருத்திய வடிவம் ஏணிச் சத்தத்தில் தொடங்கி, "பார்த்து ஏறு தம்பி, கரி அப்பிக்கும்" என்ற பெரியவரின் குரலில் போகிறது. பெயர்கள் கடைசியில் வரும்.

எடிட் மேசை

ஆடாசிட்டி என்ற ஒலி எடிட் மென்பொருள் இலவசம், கல்லூரிக் கணினிக்கு அது போதும். வரிசை மாறாமல் செய்தால் பாதிச் சிக்கல் வராது: முதலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள உறுமலை வெட்டுவது, அடுத்து தேவைப்பட்டால் மட்டும் இரைச்சல் குறைப்பு, 6 முதல் 9 டெசிபெல், பிறகு வெட்டி ஒட்டுவது, ஒவ்வொரு ஒட்டிலும் 10 முதல் 20 மில்லிநொடி மேல்படிவு (ஒரு துண்டு தேய அடுத்தது எழுவது), பிறகு 2-க்கு 1 அல்லது 3-க்கு 1 கம்ப்ரஷன் (உரத்த இடங்களைத் தணித்து ஏற்றத்தாழ்வைக் குறைப்பது), கடைசியாக ஒட்டுமொத்த ஒலி அளவு. இரைச்சல் குறைப்பை 20-க்கு மேல் ஏற்றினால் பேசுபவர் தண்ணீருக்குள் இருந்து பேசுவார். மலையில் கொஞ்சம் காற்று கேட்டால் கேட்கட்டும்.

ஒலி அளவுக்கு ஆப்பிள் சொல்வது மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சத்தத்தின் சராசரியை அளக்கும் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபெல். மோனோவில் அதற்கு ஈடு மைனஸ் 19. இந்த வேறுபாடு தெரியாமல் மோனோ ஃபைலை மைனஸ் 16-க்கு ஏற்றிவிட்டு மற்ற நிகழ்ச்சிகளைவிடச் சத்தமாக இருக்கிறதே என்று குழம்புவார்கள். பின்னணி இசை இருந்தால் குரலைவிட 18 டெசிபெலாவது கீழே இருக்க வேண்டும். முடித்ததைப் போனின் சொந்த ஸ்பீக்கரில், ஓடும் பஸ்ஸில் ஒரு முறை கேட்க வேண்டும். வத்தலக்குண்டு இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே புரியாத வாக்கியம் எங்கேயும் புரியாது.

வெளியீடு 64 கே.பி.பி.எஸ். மோனோ எம்பி3. 12 நிமிடம் 6 எம்.பி.க்குள் அடங்கும். சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் கிராமங்களில் இறக்கிக் கேட்க இந்த அளவுதான் உதவும். 320-ல் ஏற்றினால் 29 எம்.பி. ஆகும், பேச்சுக்கு அதனால் லாபம் பெரிதாக இல்லை.

வலைப்பூ

பாட்காஸ்ட் முடிந்த பிறகே எழுதுவதால் இங்கே வேலை விரைவாக நடக்கிறது. தடங்கல் பெரும்பாலும் தொழில்நுட்பத்தில்.

டி.டி.பி. மையத்தில் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்துவந்த கட்டுரையை அப்படியே ஒட்டினால் வலைப்பூவில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடுக்கு மாற்றிய பின்னும் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு குழப்பம் எஞ்சும். ஒருமுறை முழுக்கப் படித்தே ஆக வேண்டும். தமிழ்99 விசைப்பலகையை முதல் வாரமே பழக்கிவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

அடுத்தது பதிவின் இணைய முகவரி. பிளாகரில் தமிழ்த் தலைப்பு வைத்தால் அது தமிழ் எழுத்தை விட்டுவிட்டு வெறும் பொதுப் பெயரை முகவரியாக்கும். வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் (கொம்பும் புள்ளியும் கூடத் தனிக் குறியீடுதான்) 9 குறியாக விரியும், முகவரிக்கு எல்லை 200 குறி. ஆகவே 22 குறியீட்டுக்கு மேல் தலைப்பு வெட்டுப்படும். வெளியிடும் முன்னரே முகவரியை ரோமன் எழுத்தில் கையால் சுருக்கமாக வைப்பது நல்லது. வெளியிட்ட பின் மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் செத்துப்போகும்.

படம் 1200 பிக்சல் அகலம், 200 கே.பி.க்குள். விலை குறிப்பிட்டால் எந்த நாள், எந்தச் சந்தை, கிலோவுக்கா சிப்பத்துக்கா என்று சேர்த்தே எழுத வேண்டும். பூண்டு விலை அடுத்த சந்தைக்குள் மாறிவிடும். பூண்டு நெஞ்சுவலியைத் தீர்க்கும் என்று ஒருவர் சொன்னால், அவர் சொன்னதாகவே எழுதலாம், உண்மையாக எழுதக் கூடாது. குறிஞ்சி பூக்கும் சரிவையும் சோலைக்குள் மூலிகை இருக்கும் இடத்தையும் வரைபடத்தில் குத்திக் காட்டுவதில்லை. 2018-ல் பூத்தபோது கூட்டம் எப்படித் திரண்டது என்பதை மலைக்காரர்கள் மறக்கவில்லை, அடுத்தது 2030.

முழுப் பேச்சையும் எழுத்தாக்கி வலைப்பூவின் அடியில் வைக்க வேண்டும் என்பது காது கேளாதவர்களுக்கும் தேடுபொறிக்கும் சேர்த்தே. தானியங்கி எழுத்தாக்கம் தமிழுக்கு உண்டு. விஸ்பர் போன்ற மென்பொருள்கள் முதல் வரைவுக்கு உதவும். மலைப் பேச்சுவழக்கில் அது தடுமாறும், பேச்சில்லாத இடத்தில் இல்லாத வாக்கியத்தைச் சேர்க்கவும் செய்யும். 12 நிமிடத்துக்கு ஒரு மணி நேரத் திருத்தம் என்று ஒதுக்கியே ஆக வேண்டும்.

மதிப்பெண்

100-ல் வெட்டாத பதிவும் அதன் குறிப்பேடும் 25, பாட்காஸ்ட் 30, வலைப்பூ 25, தகவல் சரிபார்ப்பு 10, இசைவு 10. வெட்டாத பதிவுக்கு 25 தருவதை மற்ற ஆசிரியர்கள் அதிகம் என்பார்கள். அது இல்லாவிட்டால் குழுவில் எடிட் தெரிந்த ஒருவர் மட்டும் விடிய விடிய உட்கார்ந்து அனைத்தையும் செய்வார், மற்ற மூவரும் பெயர் போட்டுக்கொள்வார்கள். குறிப்பேட்டில் எந்த நிமிடத்தில் என்ன கேட்கிறது, பதிவு செய்தவர் யார் என்று இருப்பதால் யார் களத்துக்குப் போனார் என்பது ஒளியாது. கேட்டவர் எண்ணிக்கைக்கு மதிப்பெண் கிடையாது. வைத்தால் உறவினர் எல்லோரையும் கேட்கச் சொல்லிக் குவித்துவிடுவார்கள்.

கணக்கும் காப்பகமும்

பாட்காஸ்ட் ஊட்டத்தை (ஃபீட், செயலிகள் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளும் இணைப்பு) மாணவரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கினால் இரண்டு கேடு. அந்த முகவரி ஊட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்படி நிற்கலாம். படிப்பு முடிந்து அவர் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போனபின் கடவுச்சொல் தேடி அலைய வேண்டும். துறையின் பெயரில் ஒரே கணக்கு, அதில் பருவத்துக்கு ஒரு தொகுதி என்பதே நடைமுறை. மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று தேர்வு செய்ய மறந்தால் ஆங்கிலமாகவே பதிவாகும். அட்டைப்படம் சதுரமாக, 1400 முதல் 3000 பிக்சலுக்குள். போனில் நகத்தளவே தெரியும் என்பதால் மூன்று சொல்லுக்கு மேல் எழுதினால் படிக்க முடியாது.

கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-ல் மூடப்பட்டது. ஆங்கர் என்று இருந்த பாட்காஸ்ட் வெளியீட்டுத் தளம் ஸ்பாட்டிஃபையின் பெயருக்குள் போய்விட்டது. ஆகவே ஏற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இராமல், இறுதி ஃபைல், வெட்டாத பதிவு, எழுத்தாக்கம், இசைவுத் துண்டு நான்கையும் குழுவுக்கு ஒரு கோப்புறையாகத் துறையில் வைக்கிறார்கள். குழுவுக்கு 4 மணி நேரப் பதிவு என்றால் 7 குழுவுக்கு 28 மணி, ஏறக்குறைய 10 ஜி.பி. இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று துறையில், ஒன்று நூலகத்தில். மலை ஈரத்துக்கு இரண்டும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில். ஃபைல் பெயரில் ஊர், பொருள், தேதி மூன்றும் இருக்க வேண்டும். "புதிய பதிவு 14" என்ற பெயரில் கிடக்கும் பேட்டியை அடுத்த ஆண்டு மாணவர் யாரும் திறந்து பார்ப்பதில்லை.